நாம எதுக்கும் லாயக்கில்ல

சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இனி எந்த மேனேஜரும் தலைமைப் பண்புப் புத்தகங்களைப் படித்துச் சிரமப்பட வேண்டியதில்லை. புத்தகமே தொண்டைக்குள் குடியேறிவிடும்.

கோவை பம்ப் கம்பெனி மேனேஜர் தனசேகரன் தொண்டையிலும் ஒன்று குடியேறியது. நல்ல தலைவன் 'நீ' என்று சொல்லமாட்டான், 'நாம்' என்பான் என்பது அதன் முதல் பாடம். அதன்பின் அவர் 'நீ' என்று வாயெடுத்தாலே 'நாம்' என்றுதான் வந்து விழுந்தது.

கம்பெனி வாசலில் நின்ற அவரிடம், மகளுக்குக் காய்ச்சலென்று லீவு கேட்டு வந்தாள், அசெம்பிளி லைனில் வேலைபார்க்கும் ராசாமணி. லீவு என்ற சொல்லே தனசேகரனுக்கு ஆகாது. அவளை வேலையைவிட்டே அனுப்பிவிடத் தீர்மானித்தார்.

"நாளையிலிருந்து நாம வேலைக்கு வரவேண்டாம்!"

"நீங்களுமுங்களா சார்?"

"நாமதான்! நாம எதுக்கும் லாயக்கில்ல!"

"உங்களப் பத்தி ஊருக்கே தெரியுமுங்க. என்னைய ஏன் கூடச் சேர்க்கறீங்க?"

மேனேஜர் சொல்லை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றும் தானியங்கி கேட், இருவரையும் வெளியே விட்டுச் சாத்திக்கொண்டது.

"கதவைத் திற" என்று அதட்ட நினைத்தார் தனசேகரன். "நாம கதவைத் திறப்போம்!" என்று வந்தது.

"நீங்க திறங்க சார். எனக்கு பஸ் வந்துருச்சு," என்று ஏறிப் போய்விட்டாள்.

ராசாமணி இல்லாமல் மறுநாள் லைன் நின்றது. ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தனசேகரன் இல்லாததை இன்னும் யாரும் கவனிக்கவில்லை.