ஒற்றை மீசை வக்கீல்

நாலாவதாக வந்ததும் 'வால்ஐ' என்கிற மீன்தான்.

ஆர்டிஸ் அதன் வாயிலிருந்து கொக்கியைப் பிடுங்கினாள். அது கண்ணாடிக் கண்ணால் அவளை முறைத்தது. அவளும் முறைத்துவிட்டு, பனியில் துளைத்த ஓட்டைக்குள்ளேயே அதைத் திருப்பித் தள்ளினாள்.

"ஐயோ அண்ணி! அஞ்சு பவுண்டு இருக்கும். இதுக்காக ஊரே தவம் கெடக்குது, நீங்க என்னடான்னா தண்ணிக்கே தானம் பண்றீங்க!"

ஹார்லன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் கணவன் வெர்லினின் தம்பி. உறைந்த ஏரியின் நடுவே நிற்கும் இந்தப் பலகைக் குடில் அவனுடையது. உள்ளே எரியும் அடுப்பும், கரையிலிருந்து பனிமேல் ஓட்டிவந்த வண்டியும்கூட அவனுடையவைதான்.

"எனக்கு வேண்டியது வக்கீல்" என்றாள் ஆர்டிஸ்.

வடக்கு மின்னசோட்டாவில் அந்த மீனுக்கு அப்படித்தான் பெயர். விலாங்கு போல நீளம், முகவாயில் ஒற்றை மீசை, உடம்பெல்லாம் வழுவழு. எந்தப் பக்கம் பிடித்தாலும் நழுவிவிடும் என்பதால் யாரோ எப்போதோ வைத்த பெயர். மெனக்கெட்டு அதைப் பிடிக்க இங்கே ஒருவரும் வருவதில்லை. தப்பித் தவறி மாட்டினால், கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பனியில் விட்டெறிவார்கள். மிச்சத்தைக் காக்கைகள் பார்த்துக்கொள்ளும்.

வேண்டாத நாளில் வரிசை கட்டி வந்த மீன் அது. இன்றோடு மூன்று நாள், ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

பகலில் அது சேற்றோடு சேறாகக் கிடக்கும், பொழுது சாய்கிற நேரத்தில்தான் இரைக்கு எழும் என்று ஹார்லன் சொல்லியிருந்தான். சாயங்காலம் ஐந்துக்குமேல் அவளால் இருக்க முடியாது. வெர்லினைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள்.

மதியம், இருநூறு அடி தள்ளியிருந்த குடில்காரர்கள் காலையில் இரண்டு வக்கீலைத் தூக்கி எறிந்ததாகக் கேள்விப்பட்டு அவள் ஓடினாள். விறகுக் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன இரண்டும். வயிற்றைக் கிழித்து ஈரலைக் காக்கைகள் தின்றுவிட்டிருந்தன. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்றார்கள். திரும்பி வரும்போது வழுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்பு.

நவம்பர் தொடக்கத்தில் வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்படியே மூன்று மாதம். போன வாரம் ஒருநாள் காலையில் கோணிய வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னான். அன்றே ஆர்டிஸ் ஹார்லனுக்குப் போன் போட்டாள்.

"உங்கண்ணன் வக்கீல் மீன் கேக்குறாரு."

ஹார்லன் போனிலேயே அழுதுவிட்டான்.

நேற்று மாலை வெறுங்கையோடு திரும்பி, "இன்னிக்கும் கெடைக்கல, நாளைக்குக் கண்டிப்பா கொண்டுவர்றேன்" என்று அவள் குனிந்து சொன்னபோது, வெர்லின் இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தான். அதே சொல்லை மறுபடி சொன்னான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வாசற்படியில் நின்ற ஹார்லன், எவ்வளவு ஆசை பாருங்க என்று மூக்கை உறிஞ்சினான்.

மணி நாலே முக்கால். ஓட்டையின் விளிம்பில் மறுபடி பனி ஆடை கட்டத் தொடங்கியது. ஆர்டிஸ் அதைக் கரண்டியால் அள்ளி எறிந்தாள். விரல்களில் உணர்ச்சியே இல்லை. தூண்டில் நூலின் ஈயக் குண்டை அடிச் சேற்றில் தொம் தொம்மென்று இடித்தாள். அந்தச் சத்தத்துக்கு வக்கீல் வரும் என்பார்கள். வராவிட்டால் நாளைக்கும் அந்தக் கட்டிலருகே போய் நிற்க வேண்டும். அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

"வந்து தொலையேன்" என்று பல்லைக் கடித்தாள்.

நூல் கனத்தது.

துள்ளலும் இல்லை, வெட்டி இழுப்பதும் இல்லை. நனைந்த சாக்குமூட்டை மாதிரி மெதுவாக மேலே வந்தது. ஓட்டைக்குள் முதலில் அந்த ஒற்றை மீசை தெரிந்தது. அவள் தண்ணீருக்குள் கையை விட்டுச் செவுளைப் பிடித்துத் தூக்கினாள். அது வாலை வளைத்து அவள் முழங்கையை இறுகச் சுற்றிக்கொண்டது. இந்த ஊரில் ஆண்களே உதறிவிட்டு ஓடுவார்கள். ஆர்டிஸ் உதறவில்லை.

ஹார்லன் குதித்த குதியில் அடுப்பின் மேலிருந்த காப்பிக் குவளை உருண்டது.

ஆர்டிஸுக்குச் சந்தோஷம் வரவில்லை.

வெர்லின் சொன்னது ஒரே ஒரு சொல். 'மீன்' என்பதை அவள்தான் சேர்த்துக்கொண்டாள்.

அவன் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளி இரவு, சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, முப்பத்தொரு வருடம் போதும் என்று நிதானமாகச் சொன்னான். விவாகரத்துக்குப் பெமிட்ஜி டவுனில் ஆள் பார்த்துவிட்டதாகவும், திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஹார்லன் மீனை வாளியில் போட்டு மூடினான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்துக்கிட்டே இருங்க அண்ணி. இதத் தின்ன தெம்புல அண்ணன் இன்னும் நாலு வார்த்தை பேசத்தான் போறாரு."

ஆர்டிஸ் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.