கீழே கிடந்த டிக்கெட்டுகள்

பெட்டி சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், அதன் மேல் தலையணையை வைத்து அழுத்தி மூடினாள் அவள். சமையலறையில் கணவர் சோப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சுவரில் இருந்த அப்பாவின் படத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வெளியே வந்தாள்.

கணவர் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மாதக் கடைசியில் அங்கே சரக்கு சரிபார்த்து முடித்ததும், மிச்சம் இருக்கும் உற்சாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். தீப்பெட்டி முதல் தலையணை உறை வரை எல்லாவற்றுக்கும் இருப்புக் கணக்கு உண்டு. நல்ல பழக்கம் வந்துவிட்டால் குடும்பம் தானாக மேலே வரும் என்பார். பத்து வருடமாகக் குடும்பம் மேலே வந்துகொண்டேதான் இருந்தது. அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

ஒரு துணிக்கடையில் அவள் ஆல்ட்டரேஷன் தையல்காரி. சம்பளம் முழுசாக அவர் பீரோவுக்குள் போய்விடும். காலையில் பஸ்ஸுக்கு எண்ணிக் கொடுப்பார். சாயங்காலம் இரண்டு டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஒருமுறை டீ குடித்த காசுக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் போனதால், மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அதைத் தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். எண்ணெய் ஏன் இரண்டு நாள் முன்னாலேயே தீர்ந்தது என்றார். வீட்டு வரி நோட்டீஸ் இந்த வருடமும் அவள் பேருக்கே வந்திருக்கிறதே, கட்டுகிறவன் ஒருத்தன், பேர் ஒருத்தருக்கா என்று அலுத்துக்கொண்டார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கண் மட்டும் படுக்கையறைப் பக்கமே போய்ப் போய் வந்தது.

டிக்கெட் ஒட்டிய பக்கங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. அவள் முன்பு மாதிரி இல்லை, உடம்பு இளைத்திருக்கிறது, எல்லாம் தான் எழுதி மாட்டிய பழக்க அட்டவணையின் மகிமை என்று பெருமைப்பட்டார். ஆமாங்க என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சரி, அடுத்தது போர்வை" என்று எழுந்தார்.

அவள் முந்திக்கொள்வதற்குள் அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டார். பெட்டி வெளியே வந்தது. அதை அவர் திறக்கவில்லை. தூக்கிப் பார்த்து, எட்டு கிலோ இருக்கும் என்று முணுமுணுத்தார். தொழில் புத்தி. பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"இது என்ன?"

இந்த நேரத்தை எத்தனையோ முறை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். அதில் எல்லாம் அவள் தைரியசாலி. இப்போது கை சுவரைத் தேடியது.

"உனக்குப் போக்கிடம் ஏது?" என்றார். வழக்கமாகக் கேட்பதுதான். பத்து வருடமாக அந்த ஒரு கேள்விதான் அவளுக்குப் பூட்டு.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். "ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். ரெண்டு மாச வாடகையும் கட்டியாச்சு."

காசு ஏது என்று கேட்டார். பதினோரு மாதமாக பஸ் ஏறவே இல்லை என்றாள். போகவும் வரவும் நடை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக் கொஞ்சம் சேர்த்தாள்.

"அப்ப இந்த டிக்கெட்டெல்லாம்?"

"பஸ் ஸ்டாப்புல கீழே கிடந்ததுங்க."

அவர் நோட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெண்டாட்டி போகிறாள் என்பதைவிட, தான் கையெழுத்துப் போட்ட பதினோரு மாதக் கணக்கு பொய் என்பதுதான் அவருக்கு முதலில் வலித்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குக் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த இரக்கமும் போய்விட்டது.

அவர் கத்தவில்லை. கத்துவது கெட்ட பழக்கம் என்று அட்டவணையிலேயே எழுதியவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். கதவை அகலத் திறந்து, வெளியே இறங்கி, தெருவோரமாகப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"போ. தாராளமாப் போ. காசை வச்சுக் குடும்பம் நடத்த உனக்குத் தெரியாது. ஒரே வாரத்துல திரும்பி வந்து நிப்பே. அப்ப இந்தக் கதவு திறக்காது."

அவள் வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள். இப்போது சுவர் தேவைப்படவில்லை. கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ரூம் எனக்கில்லீங்க, உங்களுக்கு."