வழி சொல்லும் குரல்

“படம் எவ்வளவு பெருசா தெரியுதுங்கறது முக்கியமில்லம்மா. ரேஞ்ச் இல்லாத எடத்துலயும் வாயத் தொறந்து வழி சொல்லணும்,” என்றார் அமிர்தநாதன்.

கார் சாமான் விற்கும் அந்தக் கடையில் நிமி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜி.பி.எஸ். கேட்டு வருகிறவர்கள் முதலில் திரையின் அளவைத்தான் கேட்பார்கள். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அமிர்தநாதனுக்கு ஜீப் ஓட்டுவது தொழில். தினமும் விடிந்ததும் கம்பம்மெட்டில் பன்னிரண்டு பெண்களை ஏற்றி ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். ஆடி பிறந்துவிட்டால் அந்தப் பாதையில் ஜீப்பின் மூக்கே தெரியாத அளவுக்கு மூடுபனி. போனில் மேப் போட்டால் மூன்றாவது வளைவிலேயே ரேஞ்ச் போய்விடும்.

நிமி மூன்று கருவிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் ஒன்றையும் தொடவில்லை.

“வண்டியில என் வீட்டுக்காரி இருக்கா. அவதான் எடுக்கணும்.”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிமியே குடையோடு ஜீப்புக்குப் போனாள். முன்சீட்டில் கத்தரீனாள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, மடியில் மடித்த சால்வை. முதல் கருவியின் திரையில் மலையும் ஆறும் தனித்தனி நிறத்தில் வருவதை நிமி பெருமையாக எடுத்துச் சொன்னாள்.

“இவரு படத்தப் பாத்துக்கிட்டிருந்தா ரோட்ட யாரு பாக்குறது, பாப்பா?” என்றாள் கத்தரீனாள். “கொஞ்சம் பேச விடு அத.”

அது பேசியது. பன்னிரண்டு பெண்கள் கதையடித்துக்கொண்டு வரும் வண்டியில் இந்தச் சன்னக் குரல் எடுபடாது என்று அவள் ஒதுக்கிவிட்டாள். மற்ற இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். கடைக்காரர் பினு யோசித்துவிட்டு, நிமியையும் கூட அனுப்பிவைத்தார்.

ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் பனி இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. நிமி பின்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அமிர்தநாதன் மட்டும் பதறாமல் ஓட்டினார்.

“ஏங்க, எடது கை வளைவு வருது. ரெண்டாவது கியர் போடுங்க,” என்றாள் கத்தரீனாள்.

அவர் ஸ்டியரிங்கை ஒடித்து முடிக்கும்போதுதான் இரண்டாவது கருவி இடதுபுறம் திரும்பச் சொன்னது. இவ்வளவு தாமதமாகச் சொன்னால் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் கேட்கும் என்று அதையும் கழற்றச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது கருவி நல்ல தமிழில், நிதானமாக, ஐம்பது மீட்டர் முன்பே சொன்னது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் கத்தரீனாளின் குரல்தான் முந்தியது. இங்கே ரோடு வலப்பக்கம் சாய்கிறது, இது பாலம், இதைத் தாண்டியதும் ஏற்றம் என்று தன் வீட்டுக்குள் நடக்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். நிமி கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு மரம்கூடத் தென்படவில்லை.

ஏழாவது வளைவு தாண்டியதும் கருவி நேராகச் செல்லச் சொன்னது.

“நிறுத்துங்க,” என்றாள் கத்தரீனாள்.

அமிர்தநாதன் ஏன் என்று கேட்கவில்லை. பிரேக்கை மிதித்துவிட்டார்.

இன்ஜின் அடங்கி, கீழே இறங்கிய பிறகுதான் தண்ணீர் பாயும் சத்தம் நிமிக்குக் கேட்டது. தடவித் தடவி முன்னால் நடந்தாள். பத்தே எட்டில் ரோடு உடைந்துபோயிருந்தது. பாதி அகலத்துக்கு மண் சரிந்து பள்ளத்தில் விழுந்து, அதன்மேல் செந்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மாதாவே என்று முணுமுணுத்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வருகிற வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று அமிர்தநாதனும் நிமியும் கல்லும் கிளைகளும் இழுத்துவந்து குறுக்கே போட்டார்கள். அதுவரை கத்தரீனாள் சீட்டிலிருந்தே கை நீட்டி, விட்டு விட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜீப்பைப் பின்னாலேயே எடுத்துத் திருப்பினார்கள். அப்போதும் சக்கரம் எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று சொன்னது அவள்தான்.

கடைக்கு வந்து பினுவிடம் சொன்னதும் அவர் பஞ்சாயத்துக்குப் போன் போட ஓடினார். தோட்டத்துப் பெண்களைச் சுற்றுவழியாகத்தான் கூட்டிவர வேண்டும், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார் அமிர்தநாதன். மூன்றாவது கருவியையே எடுக்கச் சொல்லியிருந்தாள் கத்தரீனாள். வளைவை அது சொல்லிவிடும், மிச்சத்துக்கு மெதுவாகப் போனால் போதும் என்பது அவள் கணக்கு.

நிமி பெட்டியைக் கட்டினாள்.

“அந்த மஞ்சுல எனக்கு என் கையே தெரியலண்ணே. அக்காவுக்கு முழு ரோடும் தெரியுது. அப்பிடி ஒரு கண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு உங்களுக்கு மெஷின் எதுக்கு?”

அமிர்தநாதன் ஜீப் நின்ற பக்கம் பார்த்தார்.

“மூணு மாசத்துக்கு அவ வண்டியில குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. அதுவரைக்கும் அந்தப் பன்னெண்டு பேரையும் நான் தனியாத்தான் கொண்டுபோயி சேக்கணும்.”

நிமியின் முகம் மலர்ந்தது. “அக்காவுக்கு விசேஷமாண்ணே?”

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“நாளன்னிக்கு மதுரையில கண் ஆபரேஷன். ஏழு வயசுல அம்மை வந்து ரெண்டு கண்ணும் போச்சு. ஒரு கண்ணுலயாவது பார்வை திரும்பும்னு சொல்றாங்க.”