கரிச்சானின் பாரம்

ஓர் எருமைக்கு முதுகுவலி வந்துவிட்டது. கொஞ்சம் அசைந்தாலே உயிர் போனது. நல்லவேளையாக வைத்தியத்துக்குக் குறைவில்லை. மாட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை வீட்டுக்காரம்மா வெல்ல உருண்டைக்குள் வைத்து ஊட்டுவாள். மத்தியானம் வரை வலி தெரியாது. சாயங்காலமானால் சுடுமணல் ஒத்தடம். எருமை அவள் கையை நன்றியோடு நக்கிக்கொடுக்கும்.

எருமையின் முதுகே கதியென்று கிடந்த கரிச்சான் குருவிக்குத்தான் மனசு ஆறவில்லை. 'எல்லாம் என் பாரத்தால் வந்த வினை' என்று நினைத்து, சத்தமில்லாமல் வேலிக்குக் குடிபோய்விட்டது.

மறுநாள் காலை கழுநீர் வாளிச் சத்தம் கேட்டதும், மாத்திரை தந்த தெம்பில் எருமை விருட்டென்று எழுந்தது. முதுகு சுளீரென்றது. அப்படியே படுத்துவிட்டது.

கரிச்சான் பதறிப் பறந்து வந்தது. "அக்கா, நான் இறங்கியும் வலி போகலையா?"

"உன்னை யாரு இறங்கச் சொன்னா? மாத்திரையும் ஒத்தடமும் கொடுக்கிற மகராசி நல்லா இருக்கணும். ஆனா நீ மேலே இருந்தாத்தான், நீ விழுந்துடக் கூடாதேன்னு நான் பாத்துப் பாத்து எழுந்திருப்பேன். ஏறி உக்காரு, தாயி."

வலி தணிந்த ஒரு காலையில், இளவெயிலில் அந்த முதுகின் மேலேயே கரிச்சான் கண்ணயர்ந்துவிட்டது. விழித்ததும் கேட்டது: "எப்ப எழுந்திருக்கப் போறீங்க, அக்கா?"

எருமை வாளியிலிருந்து வாயை எடுத்தது.

"எழுந்து ரொம்ப நேரமாச்சு."