பானை மேல் ஒரு டம்ளர்

நூலகத்தின் பின்கூடத்தில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் மறுபடியும் வந்தபோது, அவள் தம்பியின் கண்ணாடிப் பெட்டியில் ‘அருணகிரி, மைக் செட்காரர்’ என்ற அட்டை மட்டும் இருந்தது. அவள் கொடுத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் காணோம்.

தண்ணீர்ப் பானைப் பக்கமிருந்து காவலாளி முத்தரசு அதை ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். “கோவிச்சுக்காதீங்கக்கா. கண்ணாடி தொடைக்க வெளிய எடுத்து வச்சேன். நல்ல தாகம். ஞாபகமில்லாம இதுலயே மொண்டு குடிச்சிட்டேன், அதுவும் வாய் வச்சு. இந்தா, கழுவிக் கொண்டாந்துடறேன்.”

அருணகிரிக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த டம்ளர் வீட்டுக்குள் வந்ததில்லை. கொல்லைப்புறக் குளியலறை ஜன்னலில்தான் கிடக்கும். செம்பு அதில் பட்டுவிடாமல் உயரத் தூக்கித்தான் அவளும் தண்ணீர் ஊற்றுவாள். அவன் போன பிறகும் இன்னொரு வாய் அதில் பட்டதில்லை.

“கழுவாதீங்க தம்பி” என்று கையை நீட்டி வாங்கினாள். பானையில் மொண்டாள். எங்கே போனாலும் அண்ணாந்து குடித்தே பழகியவள், விளிம்பில் உதட்டைப் பதித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு டம்ளரைப் பானை மூடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

“பெட்டிக்குள்ள வைக்கலயாக்கா?”

“வேணாம். இத்தன நாளும் தனியாத்தான கெடந்துச்சு.”

அப்போதுதான் வெயிலிலிருந்து உள்ளே வந்த ஒரு பெண், யாரையும் எதுவும் கேட்காமல் நேரே பானையிடம் போய் டம்ளரை நிமிர்த்தினாள்.