துளியூண்டு விஷம்

"அக்கா தம்பியெல்லாம் வீட்டோட! ஊரே குடிக்கிற தண்ணியில களைக்கொல்லி இருக்கு. துளியூண்டா இருந்தாலும் விஷம் விஷந்தான்!"

குடிநீர்ச் சோதனைக்கூடமே அதிரக் கத்தினான் தம்பி. சொந்தக்காரி என்று விட்டுவிட்டதாக நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது அவனுக்கு.

அக்கா கூனிக் குறுகி நின்றாள். குடிநீர்க் கிணற்றை ஒட்டி இருந்தது அவளுடைய பூந்தோட்டம் மட்டும்தான்.

"சத்தியமா நான் மருந்தே அடிக்கிறதில்லடா. கையாலதான் புல்லு புடுங்குறேன்." நகக்கண்ணில் மண் அப்பிய விரல்களை நீட்டினாள்.

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா? நாளைக்கே உன் தோட்டத்துக்குப் பூட்டு!"

உதவியாளப் பெண் தயங்கியபடி வந்தாள். "சார், ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காக இன்னொரு பாட்டில்ல காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தி வச்சீங்களே, அதுலயும் அதே களைக்கொல்லி இருக்கு."

"அதெப்படி? அது இந்த ரூமை விட்டு வெளியவே போகலையே! ரெண்டு பாட்டிலையும் நானே என் கையால..."

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, காலைல வாசல்ல மருந்து அடிச்சிட்டு அவசரமா ஓடினீங்களே, அதுக்குள்ள புல்லெல்லாம் சுருண்டுடுச்சு. உங்க கைராசியே தனி!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தொண்டை வறண்டு போச்சுடா. ஒரு வாய் தண்ணி குடு, போயிடறேன்."

டம்ளரை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது.

"நீயே எடுத்துக் குடிச்சுக்கோக்கா" என்றான் அவன், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.