ஜூன் மாதத்து ஆடுகள்

“‘டீச்சர், பெரிய தலைவர் கட்டுற மாளிகைச் சுவத்துக்குள்ள எந்த அம்மாவை வச்சுக் கட்டினாங்க?’ இப்படிக் கேட்டுச்சாம் ஐயா, ஏழு வயசுக் குழந்தை. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா பஸ்ஸுல!”

ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே சொன்னாள் சுற்றுலா வழிகாட்டி ஸ்மரந்தா. பக்கத்து இருக்கையில் இருந்த இலாரியே என்ற பெரியவர் சிரிக்கவில்லை.

அவருக்கு எண்பது வயது. ‘பழங்கதையும் அரசியலும்’ என்ற இந்த ஒருநாள் கார்ப் பயணம், இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய பிறந்தநாள் பரிசு. “நான் பட்டதையெல்லாம் எனக்கே கதையாச் சொல்றதுக்கு என் மக காசு கட்டியிருக்கா” என்று காலையில் கேலி செய்தவர்தான். அந்தப் பெரிய தலைவரை, நாட்டின் சர்வாதிகாரியை, நிறுத்திச் சுட்டுக் கொன்ற சுவரைத் தர்கோவிஷ்தே நகரில் பார்த்துவிட்டு, இப்போது அர்ஜேஷ் மடாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“குழந்தை ஏன் அப்படிக் கேட்டுச்சு?”

“டீச்சர் அப்பதான் இந்த மடாலயத்துக் கதையைச் சொல்லி முடிச்சிருந்தாங்க. பகல்ல கட்டினது ராத்திரியில இடிஞ்சு விழும். கடைசியில கொத்தனார் தன் பெண்டாட்டியையே சுவத்துக்குள்ள நிறுத்திக் கட்டினார்னு. தலைநகர் புகாரெஸ்ட்ல அதைவிடப் பெரிய கட்டடம், தலைவரோட மாளிகை, எழும்பிட்டிருந்த காலம். குழந்தை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கு.”

“வெவரமான குழந்தை.”

“வெவரம்தான் வம்பு! கடைசி சீட்டுல சாம்பல் கோட்டுப் போட்ட ஒருத்தர், மடியில நோட்டுப் புத்தகம். ரகசியப் போலீஸ் அனுப்பின ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். அது அவர் காதுல விழுந்திருந்தா, டீச்சருக்கு வேலை போயிருக்கும். குழந்தையோட அப்பா வீட்டுக்கே வந்திருக்க மாட்டார்.”

“விழலையா?”

“கடவுள் ஆடுகளை அனுப்பினார்!” ஸ்மரந்தா சிரித்தாள். “குழந்தை வாயைத் திறக்கவும் ஆட்டு மந்தை ரோட்டுக்கு வரவும் சரியா இருந்துச்சு. டிரைவர் பிரேக் போட்டு, ஹாரனை அமுக்கினவர் கையை எடுக்கவே இல்லை. ‘டேய், ஆட்டோட உன்னையும் சேர்த்துக் கொதிக்க வச்சிடுவேன்’னு ஜன்னல் வழியா இடையனுக்கு அர்ச்சனை வேற. முன் சீட்டுக்காரங்களைத் தவிர யார் காதுலயும் கேள்வி விழலை. நோட்டுக்காரர் எழுந்து வந்து கேட்டதுக்கு, ‘சாப்பாடு எப்போன்னு கேக்குது’ன்னாங்க டீச்சர். அதையே எழுதிக்கிட்டார்.”

இந்த இடத்தில் எல்லா வாடிக்கையாளர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெரியவர் மட்டும், “அப்புறம் அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார்.

“அதை மடாலயத்துல சொல்றேன்.”

பத்துக் கிலோமீட்டர் போயிருக்கும்.

“அவங்க அப்பாவைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களா?”

ஸ்மரந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“அந்தக் காலத்துல நீங்க என்ன வேலை பாத்தீங்க, ஐயா?”

“அரசாங்க வேலைதான்” என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாம்பல் நிறக் கோட்டு ஒன்று அவள் மனதில் வந்து உட்கார்ந்தது.

மடாலய முற்றத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் இரும்புக் கூண்டு இருந்தது. மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த் தட்டு இறந்தவர்களுக்கு. ஸ்மரந்தா மூன்று மெழுகுவர்த்திகள் வாங்கினாள். ஒன்றைக் கீழே ஏற்றினாள்.

“இது அந்த டீச்சருக்கு. போன வருஷம் தவறிட்டாங்க.”

இன்னொன்றை மேலே ஏற்றினாள்.

“இது?”

“ஆடுகளுக்கு. பாதிரியார் காதுல போட்டுடாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஏத்துறேன்.”

பெரியவர் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார். “அது எந்த மாசம்?”

“ஜூன். பள்ளிக்கூடம் முடியற வாரம்.”

“புகாரெஸ்ட்ல பொறந்தவதானே நீ? ஏப்ரல்ல, புனித ஜார்ஜ் திருநாளோட மந்தையெல்லாம் மலை ஏறிடும் மகளே. திரும்ப அக்டோபர்லதான் இறங்கும். ஜூன் மாசம் அந்த ரோட்டுல ஒரு குட்டியைக்கூடப் பார்க்க முடியாது.”

“அப்போ…”

“நோட்டுக்காரனும் புகாரெஸ்ட்தான். நல்லவேளை.” வலது உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். “பஸ் போய்ச் சேர்ந்ததோட டிரைவர் வேலை முடிஞ்சுது. குழந்தை என்ன ஆச்சோன்னு மட்டும் இத்தனை வருஷமா… நீயாவது சொல்லேன்.”

ஸ்மரந்தா மூன்றாவது மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள்.

“நல்லா இருக்கா, ஐயா. ஒரு குறையும் இல்லை. அவங்க அப்பாவும் சாயந்திரமானா வீட்டுக்கு வந்துட்டுதான் இருந்தார்.”

பெரியவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “போதும். கால் வலிக்குது, நான் கார்ல இருக்கேன். நீ மெதுவா வா.”

அவர் முதுகைக் காட்டி நடந்தார். தொப்பியில்லாத அந்தப் பிடரியையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு வயதில், முதல் சீட்டில் உட்கார்ந்து, எந்த அம்மாவை என்று கேட்டபோது அவள் கண்ணுக்கு நேரே ரோட்டை மறைத்துக்கொண்டிருந்த அதே பிடரி.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, மூன்றாவது மெழுகுவர்த்தியை மேல் தட்டில் ஏற்றி, யாருக்கும் கேட்காமல் “இலாரியே” என்றாள்.